மண்ணும் பட்டறையும் – 9: பெயர் சோறு போடுமா?

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை கிளம்பும் குடும்பம் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கும். நாலைந்து நாள் நடை, மலையேற்றம், தரிசனம். ஊர் திரும்பியதும் அதே பூட்டைத் திறந்து உள்ளே போய், முதல் வேலையாகப் பஞ்சாமிர்த டின்னைச் சாமி மாடத்தில் வைக்கும். பிறகு கிண்ணங்களில் எடுத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும். டின் பழனியிலிருந்து வந்தது. வீடு பழைய வீடாக இருந்தால், கதவில் தொங்கிய பூட்டு திண்டுக்கல்லில் செய்ததாக இருக்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவே சாலைவழி ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

சென்ற வாரம் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளைப் பார்த்தோம். இந்த வாரம், பிறந்த ஊரின் பெயரையே தலையில் சுமந்து நிற்கும் இந்த இரண்டு பொருள்களைப் பார்ப்போம். இந்த வட்டாரத்து உற்பத்தித் தொழில் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்த நல்ல விடை இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

2019 ஆகஸ்ட் மாதத்தில் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்கு அந்தக் குறியீடு கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த மாதம் முடிவதற்குள் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சென்னையில் இருக்கும் பதிவகம் இதை வழங்குகிறது. ஒரு பொருளின் தரமோ புகழோ அது பிறந்த ஊரால் வந்ததென்றால், வேறு ஊர்ச் சரக்கின்மேல் அந்த ஊர்ப் பெயரை ஒட்டக்கூடாது என்பதே சட்டத்தின் சாரம். பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

செய்தி வந்தபோது நானும் மகிழ்ந்தேன். பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த பயிருக்கும் கைகளுக்கும் யார் காவல் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. இந்த வாரக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தண்ணீர் படாத பண்டம்

பிரசாதமாகவே பார்த்துப் பழகிய பஞ்சாமிர்தத்தை உற்பத்திப் பொருளாகப் பார்ப்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். பக்தியோடு கொஞ்சம் தொழில் அறிவையும் சேர்த்துப் பார்த்தால் அதன் மேல் மரியாதை கூடும்.

மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய். இந்த ஐந்தோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேரும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. கெடாமலிருக்க ரசாயனம் எதுவும் போடுவதில்லை. அப்படியும் பல நாள் தாங்குகிறது. ரகசியம் இரண்டு. ஒன்று, சர்க்கரை. பழத்தில் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் சர்க்கரையும் தேனும் கட்டிப்போட்டுவிடுவதால் நுண்ணுயிர்கள் பிழைக்க வழியில்லை. இன்னொன்று, பழம். சமவெளியில் விளையும் ரகங்களில் நீர் அதிகம். பிசைந்தால் கூழாகி ஓடும். மலைவாழையில் நீர் குறைவு, சதை கெட்டி, மணம் அதிகம், இனிப்போடு ஒரு மெல்லிய புளிப்பும் உண்டு. பஞ்சாமிர்தம் கெட்டியாக நிற்பதற்கும் வாசனையாக இருப்பதற்கும் இந்தப் பழம்தான் அடிப்படை.

அந்த வாழைக்கு விருப்பாச்சி என்று பெயர். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விருப்பாச்சி, கோபால நாயக்கரின் பாளையமாக வரலாற்றில் அறியப்பட்ட ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற பாளையக்காரர்களில் அவர் முக்கியமானவர். அந்த ஊர்ப் பெயரே வாழைக்கும் நிலைத்துவிட்டது. 2008-09ஆம் ஆண்டிலேயே விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பஞ்சாமிர்தத்தைவிடப் பத்தாண்டு மூத்த குறியீடு அது.

இன்று கோயிலின் பஞ்சாமிர்தத் தயாரிப்பில் பிசைவதும் கலப்பதும் டின்னில் அடைப்பதும் இயந்திரத்தில் நடக்கின்றன. நாட்டுச் சர்க்கரைக்காகக் கோயில் நிர்வாகம் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்துக்குப் போகிறது. ஆக, அடிவாரத்தில் ஒரு டின் விற்றால் மலைமேல் வாழை வெட்டுகிறவருக்கும், கவுந்தப்பாடியில் கரும்புப்பால் காய்ச்சுகிறவருக்கும், மாடு வைத்திருப்பவருக்கும், டின் செய்கிறவருக்கும், அதை ஏற்றி இறக்குகிறவருக்கும் கூலி போகிறது. ஒரு தொழில் வட்டாரத்துக்குள் எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறது என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும். வெளியூரிலிருந்து எல்லாம் வந்து, இங்கே கூலிக்கு மட்டும் ஆள் எடுத்து, சரக்கு வெளியூருக்கே போய்விடும் ஆலையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு புரியும்.

வாங்குவோருக்கும் குறைவில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம், மாதந்தோறும் கிருத்திகை, சபரிமலை சீசன் என்று ஆண்டு முழுவதும் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. விளம்பரமே தேவைப்படாத சந்தை இது. இந்தத் தொழிலுக்கு என்ன குறை என்று தோன்றும். குறை அடிவாரத்தில் தெரியாது. மலைமேல் ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

முடி கொத்தாகி நின்ற வாழை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், கே.சி.பட்டி, ஆடலூர், பெரும்பாறை. கீழ்ப்பழனி மலையின் இந்த ஊர்களில் காப்பிச் செடிகளுக்கு நடுவே, மழையை மட்டுமே நம்பி வளர்வது மலைவாழை. சமவெளி வாழைபோல ஓரிரு தாரோடு தோட்டத்தை அழித்துப் புதிதாக நடுவதில்லை. ஒரு தூர் வைத்தால் கன்றுக்குமேல் கன்றாக ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். காப்பிக்கு நிழலாகும். குடும்பத்துக்குத் தொடர்ந்து காசு தரும்.

அந்த நீண்ட ஆயுளே ஒரு நோய்க்கு வசதியாகப் போயிற்று. முடிக்கொத்து நோய் ஒரு வைரஸால் வருவது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி ஒரு வாழையின் சாற்றை உறிஞ்சி அடுத்த வாழைக்குக் கொண்டுபோகிறது. முதலில் இலை நரம்புகளிலும் காம்பிலும் கரும்பச்சைக் கோடுகள், புள்ளிகள். பிறகு வரும் இலைகள் குறுகி, விறைத்து, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்தாக நிற்கும். அந்த வாழை பெரும்பாலும் குலை தள்ளாது. அதன் பக்கக்கன்றை எடுத்து வேறிடத்தில் நட்டால் நோயும் கூடவே போய் நடப்பட்டுவிடும்.

1913இல் இலங்கையில் காணப்பட்ட நோய், 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்து, பிறகு நம் மலைகளுக்கும் ஏறியது. ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் கணக்கு இது: கீழ்ப்பழனி மலையில் 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிற்காலத்தில் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. ஒன்பதில் ஒரு பங்குதான் மிச்சம். பெயரைப் பதிவு செய்த காலத்தில் பயிரின் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நோயற்ற தாய்வாழையைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, அதன் நுனிக் குருத்திலிருந்து திசு வளர்ப்பு முறையில் சுத்தமான கன்றுகளை ஆயிரக்கணக்கில் உருவாக்க முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது இருப்பதே இந்த மலையில்தான். திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். ஒரு விவசாயி காசு கொடுத்துச் சுத்தமான கன்று வாங்கி நடுகிறார். பக்கத்துத் தோட்டத்தில் பாதிக்கப்பட்ட பழைய தூர் ஒன்று நிற்கிறது. அசுவினிக்கு வேலி தெரியாது. இரண்டொரு ஆண்டில் இவருடைய வாழையும் கொத்தாகிவிடும். காசும் போய், நம்பிக்கையும் போகும். தனியாள் முயற்சியால் தீராத நோய் இது. மலை முழுவதும் ஒன்றாக இறங்கினால்தான் தீரும்.

அப்படி இறங்கி வென்ற ஓர் ஊர்க்கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்து ட்வீட் பகுதிக்கு இந்த நோய் 1913இல் பிஜித் தீவிலிருந்து போனது. 1920களின் நடுவில் அங்கே வாழைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, கிராமங்கள் காலியாகின. மாகீ என்ற இளம் ஆராய்ச்சியாளர், நோயைப் பரப்புவது அசுவினிதான் என்று கண்டுபிடித்தார். அத்தோடு நிற்காமல் அரசு சட்டம் போட்டது. நோய் கண்ட வாழையை மறைக்கக்கூடாது, கிழங்கோடு அழிக்க வேண்டும், அனுமதி பெற்ற சுத்தமான கன்றைத்தான் நட வேண்டும், ஆய்வாளர்கள் தோட்டம் தோட்டமாக வருவார்கள். 1930களில் அங்கே வாழை மறுபடி தலைதூக்கியது. நோய் முற்றிலும் ஒழியவில்லை. நூறு ஆண்டு நெருங்கியும் அங்கே கண்காணிப்பை விடவில்லை.

நம் மலையில் சட்டத்துக்கு முன்னால் இன்னொன்று வேண்டியிருக்கிறது. நோய் கண்ட தூரை வெட்டி அழிக்கும் விவசாயிக்கு, புதுக்கன்று குலை தள்ளும்வரை சோற்றுக்கு வழி வேண்டும். அந்தக் காசை யார் தருவது? அந்த வாழையால் பெயர் பெற்றவர்கள் தருவதுதான் முறை. பஞ்சாமிர்தத் தொழிலுக்கு இயந்திரம் அடிவாரத்தில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். முதல் இயந்திரம் மலைமேல் மண்ணில் நிற்கும் அந்தக் கன்றுதான். இயந்திரத்தைப் பழுது பார்க்கச் செலவழிக்காத முதலாளி உண்டா?

அரமும் அச்சும்

திண்டுக்கல்லின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே கைத்திறன் இருக்கிறது, சந்தை நழுவிக்கொண்டிருக்கிறது.

மாங்காய் வடிவத்தில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு. அலமாரிக்கு ஒன்று, ஷட்டருக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, கோயில் கதவுக்கு ஒன்று என்று ஐம்பது வகைக்குக் குறையாமல் இங்கே பூட்டுகள் உண்டு. பூட்டுக்குள் லீவர் என்னும் தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைக் குறித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நின்றால்தான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நகராது. இங்கிலாந்தில் 1778இல் ராபர்ட் பாரன் உரிமம் பெற்ற அமைப்பு இது. அதைத் தம் கைப்பக்குவத்துக்குள் கொண்டுவந்தவர்கள் திண்டுக்கல் பட்டறைக்காரர்கள்.

அச்சில் அடித்து ஆயிரக்கணக்கில் தள்ளும் மலிவுப் பூட்டுகளில் குறிப்பிட்ட சில சாவி வகைகளே திரும்பத் திரும்ப வரும். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வீட்டைத் திறந்துவிட்ட கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். திண்டுக்கல் பூட்டில் தகடுகளையும் சாவிப் பல்லையும் அரத்தால் ராவி ராவி ஒன்றுக்கொன்று பொருத்துகிறார்கள். அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவிதான். புவிசார் குறியீடு காப்பாற்ற முயல்வது இந்தக் கைவேலையைத்தான். அந்தக் குறியீட்டுக்கு விண்ணப்பித்தது, பூட்டுத் தொழிலாளர்களுக்காக 1957இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்.

இந்தக் கைவேலைக்குப் போட்டி வெளியிலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்தின் அலிகார் நகரம், அச்சும் வார்ப்பும் கொண்டு நாடெங்கும் பூட்டு அனுப்புகிறது. பிறகு சீனப் பூட்டுகள் வந்தன. கதவோடு சேர்ந்தே வரும் சாவித் தாழ்கள் வந்தன. விலையில் கைவேலை தோற்றுப்போனது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் நாள் முழுவதும் ராவினாலும், கட்டட வேலைக்குப் போகிறவரின் கூலியை எட்டுவது கடினம். மகனை இந்தப் பட்டறையில் உட்காரவைக்க எந்தத் தகப்பன் விரும்புவான்? பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பூட்டை நம்பியே வாழ்ந்த ஊர்கள் உலகில் இன்னும் சில உண்டு. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் வில்லன்ஹால். வீட்டுக்கு வீடு பூட்டுப் பட்டறை இருந்த ஊர். இன்று அந்தத் தொழிலை அங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஒரு பழைய பூட்டுக்காரர் வீட்டில் பார்க்கலாம். ஜெர்மனியில் ஃபெல்பெர்ட், பக்கத்திலேயே ஹைலிகன்ஹவுஸ். இவையும் பூட்டு ஊர்கள்தாம். இங்கேயும் அருங்காட்சியகம் உண்டு. ஆனால் தொழில் அதற்குள் அடங்கிவிடவில்லை. தொங்குபூட்டில் தொடங்கிய நிறுவனங்கள் கார் கதவின் தாழுக்கும் சாவிக்கும் மாறின. பட்டறைப் பயிற்சியும் பொறியியல் படிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் உயர்கல்வி வளாகம் ஒன்றை ஊருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். கார்த் தொழில் தடுமாறும்போது அந்த ஊர்களும் தடுமாறத்தான் செய்கின்றன. ஆனாலும் பிழைத்த ஊருக்கும் மறைந்த ஊருக்கும் நடுவே எனக்குத் தெரியும் வேறுபாடு இதுதான்: பிழைத்த ஊர் பொருளை மாற்றிக்கொண்டது, கைப்பழக்கத்தை விடவில்லை. உலோகத்தை மயிரிழை சுத்தமாகப் பொருத்தத் தெரிந்த கைக்குப் பூட்டு ஒரு வேலை. மருத்துவக் கருவி, பம்பு உதிரிபாகம், நெசவு இயந்திரத்துப் பாகம் எல்லாமே அந்தக் கைக்கு வரக்கூடிய வேலைகள்.

யார் கற்றுக்கொள்வது?

மத்திய அரசு 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. அதிலுள்ள 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. குடும்ப வழியில் வரும் தொழிலை ஊக்குவிப்பது சாதியோடு தொழிலைக் கட்டிப்போடும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதை அப்படியே ஏற்க மறுத்தது. பிறகு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 25 தொழில்கள், எந்தச் சமூகத்தவரும் சேரலாம், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 50,000 ரூபாய். சேர 35 வயது ஆகியிருக்க வேண்டும். படிக்க வேண்டிய பிள்ளையைப் பட்டறைக்கு இழுத்துவிடக்கூடாது என்பதுதான் அந்த வயதுக் கட்டுப்பாட்டின் நோக்கம்.

அந்த அக்கறை சரியானது. குலத்தொழில் என்ற சொல்லால் இந்த நாட்டில் எத்தனை பேருடைய படிப்பு நின்றது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. 35 வயதுக்கு மேல்தான் உதவி என்றால், 20 வயதில் அரத்தைக் கையில் எடுப்பது யார்? தகப்பனிடமிருந்து மகனுக்கு என்ற வழி அடைபட்டதில் வருத்தமில்லை. அதற்குப் பதிலாக வேறு வழி திறக்கப்படவில்லையே என்பதுதான் வருத்தம். அந்த வழி கல்லூரி வழியாக வர வேண்டும். எந்தச் சாதியில் பிறந்த பெண்ணும் பையனும் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, கணினியில் வரையவும், இயந்திரத்தில் கடையவும், கடைசியாக ஒரு மூத்த பட்டறைக்காரரிடம் உட்கார்ந்து கையால் ராவவும் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுக்கும் பெரியவருக்கு ஆசிரியருக்குரிய சம்பளமும் நாற்காலியும் வேண்டும். கற்கும் காலத்தில் பிள்ளைக்கு உதவித்தொகை வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும்

வேலை தரும் எந்தத் தொழிலும் வரட்டும் என்று சொல்ல இந்தத் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இனி உரிமையில்லை. அதற்கான விலையை அது கொடுத்துப் பார்த்துவிட்டது.

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தோல் ஆலை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இந்த எண்கள் இருக்கின்றன. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பேருந்தில் போகிறவர்கள் கடந்து போகும் ஊர்தான் ரெட்டியார்சத்திரம். இதே பழனி மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில், அமெரிக்காவில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையை 1980களில் கொண்டுவந்து நிறுவினார்கள். பாதரசக் கழிவு வெளியே வந்தது தெரிந்து 2001இல் ஆலை மூடப்பட்டது. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் 591 முன்னாள் தொழிலாளர் தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு.

மனிதர்களுக்கு நேர்ந்ததும் உண்டு. 2021 ஜனவரியில், இந்த மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் உற்பத்தியாளரும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து, பாலியல் தொல்லையைத் தடுக்க வழிசெய்த அந்த ஒப்பந்தத்துக்கு உலகம் வைத்த பெயர் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’.

ஊர்ப் பெயர் பதிவகத்தின் ஏட்டில் ஏறியது ஒரு வகை. தொழிலாளர் உரிமை பேசும் இடங்களில் எல்லாம் ஏறியது இன்னொரு வகை. இரண்டாவது பெயருக்கு எந்த அலுவலகமும் சான்றிதழ் தரவில்லை. என்னைக் கேட்டால், இந்த வட்டாரத்தின் வருங்காலத் தொழிலுக்கு அதுவும் ஒரு முத்திரைதான். பெண் பயமில்லாமல் வேலை பார்க்கும் ஊர் என்ற பெயர் எந்தச் சந்தையிலும் விலைபோகும்.

பழனி செய்யக்கூடியது

இரண்டு கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொருத்தம் தெரிகிறது. பழனியில் சந்தை இருக்கிறது, மூலப்பொருள் தேய்கிறது. திண்டுக்கல்லில் திறமை இருக்கிறது, வாங்க ஆளில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு தீர்க்க முடியும். அதற்கு மையமாக நிற்கக்கூடிய நிறுவனம் பழனிக் கோயில்தான். அது வெறும் வழிபாட்டுத் தலம் மட்டும் அல்ல. பெரிய உற்பத்தியாளர், பெரிய கொள்முதலாளர். 1960களிலிருந்தே கல்லூரிகளும் பாலிடெக்னிக்கும் நடத்திவரும் கல்வி நிறுவனமும்கூட.

முதலாவது, விற்கும் ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு சிறு தொகையை மலைவாழை மீட்புக்கென்று தனியே ஒதுக்கலாம். நோய் கண்ட தூரை அழிப்பவருக்கு இழப்பீடு, சுத்தமான கன்று, குலை வரும்வரை உதவி, வந்தபின் நியாய விலைக்குக் கொள்முதல் உறுதி. தடியன்குடிசை நிலையத்தோடு சேர்ந்து ஊர் ஊராக, ஒரே பருவத்தில், ஒரு மலைச்சரிவு முழுவதும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கோயிலின் கதவுகள், உண்டியல்கள், விடுதி அறைகள், அலமாரிகள் ஆகியவற்றுக்கான பூட்டுகளைத் திண்டுக்கல் தொழிலாளர்களிடம் நேரடியாக வாங்கலாம். இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள மற்றக் கோயில்களும் பின்தொடரலாம். ஆண்டுதோறும் இத்தனை பூட்டு என்ற உறுதியான ஆணை கிடைத்தால், மூடிய பட்டறை திறக்கும்.

மூன்றாவது, கோயில் நடத்தும் பாலிடெக்னிக்கில் பூட்டு வடிவமைப்புக்கும் நுண்கருவி வேலைக்கும் ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்கலாம். மூத்த பட்டறைக்காரர்கள் அங்கே ஆசிரியர்களாக வரட்டும். காவடி எடுத்து வரும் பிள்ளையின் சாதியைக் கேட்காத மலை, பயிற்சிக்கு வரும் பிள்ளையின் சாதியையும் கேட்காது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழனி போகும்போது, டின்னை வாங்கிக்கொண்டு, இதில் எந்த வாழை, எந்த மலையில் விளைந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது, கொஞ்சம் விலை கூடினாலும் திண்டுக்கல் கைவேலைப் பூட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெயர் தானாகச் சோறு போடாது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் காசில் ஒரு பங்கு, மலையேறி வாழைக்கும் பட்டறைக்குள் புகுந்து கைக்கும் போய்ச் சேர்ந்தால் மட்டுமே போடும்.

(தொடரும்)